நிற்காமல் நடந்த நடை

குண்டு, அம்மா எழுதுறேன். இங்கே நான் இருக்கேன். நீ சிங்கப்பூர்ல நோய்நொடி இல்லாம இருக்கணும்னு மாரியம்மனைக் கேட்டுக்கிறேன்.

அப்பாவுக்குக் கருமாதி முடிஞ்சுது. உன் இடத்துல சித்தப்பா வீரையன் நின்னு எல்லாம் செஞ்சார். வந்தவங்களுக்குச் சோறு பத்துச்சு. நான் அழலைன்னு உன் அத்தை பூவம்மாள் பந்தியிலயே சொன்னா, புருசனைக் கொடுத்துட்டு எப்படிச் சாம்பார் ஊத்துறா பாருன்னு. சொல்லிட்டுப் போறா. அழுகை வரலை. வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சு, நாத்தங்காலுக்கு விதை ஊறப்போட்டிருக்கேன்.

தந்தியில ஒண்ணும் சொல்ல முடியலை, அதான் எழுதுறேன். அப்பாவுக்கு இளைப்பு அதிகமாகி, களத்துல நெல்லு தூத்துனா அன்னைக்கெல்லாம் படுக்க முடியாது, உட்காந்தே இருப்பார். டவுன்ல நெஞ்சு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். உள்ளே போற காத்து வெளியே வராம நுரையீரல்ல தங்கிடுதுன்னார். தாழ்வாரத்துல ரெண்டு கோடியிலயும் சாக்பீசால கோடு போட்டு, ஆறு நிமிஷம் இந்தக் கோட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடங்க, உங்களால முடிஞ்ச அளவு போதும், மூச்சு வாங்குனா நில்லுங்க, நாற்காலி இருக்கு உட்காருங்க, அது ஒண்ணும் தப்பில்லைன்னு தன்மையாத்தான் சொன்னார். நடக்குறதைப் பார்த்துத்தான் படுக்கையில சேர்க்குறதா வீட்டுக்கு அனுப்புறதான்னு முடிவு பண்ணணுமாம்.

அந்தத் தாழ்வாரத்து பெஞ்சுல பண்ணை காரியக்காரர் பஞ்சநதம் உட்காந்திருந்தார், அவங்க அம்மாவுக்கு வைத்தியம் பார்க்க வந்தவர். நம்ம குத்தகை நிலத்துமேல பண்ணை போட்டிருக்கிற வழக்கு உனக்குத் தெரியும், குத்தகைக்காரன் தானே இறங்கிப் பாடுபடணும், இவனால முடியலை, அதனால நிலத்தை விடணும்னு. பஞ்சநதம்தான் சாட்சி. அவரைப் பார்த்ததும் அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டார். நிக்கவே இல்லை குண்டு. வாயை மூடிக்கிட்டு, மடை உடைச்சுக்கிட்டா ஓடுவாரே, அந்த மாதிரி நடந்தார். பஞ்சநதம் சிரிச்சுக்கிட்டு, என்னய்யா ஆஸ்பத்திரியிலயும் வரப்பு சுத்துறியா, உனக்கு ஏதுய்யா நோவுன்னு கேட்டார். அப்பா கோட்டைத் தொட்டுத் திரும்பி நடந்தார், பேச மூச்சு ஏது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துட்டு, நினைச்சதைவிட நல்லா நடக்குறீங்க, படுக்கை வேண்டாம், மாத்திரை சாப்பிட்டு அடுத்த மாசம் வாங்கன்னுட்டார்.

பஸ் ஸ்டாண்டு குழாயடியில உட்காந்தவருக்கு உதடு நாவப்பழமாட்டம் ஆயிடுச்சு. திரும்பிப் போவோம் வாங்கன்னு கையைப் பிடிச்சேன், பஞ்சநதம் இன்னும் அங்கேதான் இருப்பான்னார். வீட்டுக்கு வந்து மூணாம் நாள் விடியக்காலம் போயிட்டார்.

துக்கத்துக்குப் பஞ்சநதம் வந்திருந்தார். அந்த நடை நடந்தவனை முடியாதவன்னு எந்த வாயால சொல்வேன், ஆனா இப்ப ஆளே இல்லையே, மகன் சீமையில, யாரு உழுறதுன்னு வீரையன்கிட்ட கேட்டிருக்கார். நான் உழுவேன்னு சொல்லி அனுப்பிட்டேன். விவசாயச் சங்கத்து ஆளுங்களும் அப்படியே கோர்ட்டுல சொல்லச் சொல்றாங்க. இதுக்காக நீ வேலையை விட்டுட்டு வராதே.

சிமிண்டு தூசியில நிக்கிறப்ப வாயில துணி கட்டிக்க, மறக்காதே. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நல்லா இருக்கணும், உன் கை நல்லா இருக்கணும். பாதி நடையில அப்பா என்னை ஒரு தரம் பார்த்தார், நான் சும்மா நின்னேன். போதும் உட்காருங்கன்னு நான் சொல்லியிருந்தா, உட்காந்திருப்பாராடா?

உன் அம்மா
அம்சம்