சமாதானம் சொல்லும் நேரம்

அக்காவுக்கு,

இங்கே எல்லாம் சௌகரியம்தான். நூறு பேர் விண்ணப்பித்தால் நாலு பேருக்குத்தான் இந்தப் பல்கலைக்கழகத்தில் இடம் என்று அப்பா இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாரா? சொல்லட்டும்.

ஞாயிறுதோறும் வளாகத்து மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போகிறேன். மதம் மாறிவிட்டேன் என்று பயப்படாதே. பூசையின் நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்வார் பாதிரியார். பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பி என் கையைப் பிடிப்பார்கள். அதற்காகத்தான் போகிறேன்.

போன வாரம் பக்கத்தில் நின்றவள் கையை உடனே விடவில்லை.

"என்ன இப்படி சில்லுன்னு இருக்கு? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டாச்சு" என்று சொல்லிவிட்டேன்.

"நான் இன்னும் இல்ல. தனியா போய் உட்கார ஒரு மாதிரியா இருக்கு" என்றாள்.

நானும் சாப்பிடவில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் பாடல் தொடங்கிவிட்டது. வெளியே வரும்போது கூட்டத்தில் அவளைத் தவறவிட்டேன். உணவறைக்கு ஓடி, ஒவ்வொரு மேசையாகப் பார்த்தேன். அவள் இல்லை. ஆனால் அக்கா, ஒருவரைத் தேடிக்கொண்டு அந்த அறைக்குள் நான் நுழைந்தது அன்றுதான் முதல் தடவை.

அம்மா கேட்டால் எனக்கு நிறைய சிநேகிதிகள் என்றே சொல். நாளை ஞாயிறு. சீக்கிரமே போய் அதே வரிசையில் உட்காரப் போகிறேன், சாப்பிடாமல்.

உன் தங்கை