ஏழுமலைக்கும் ஒரு கடிதம்

1987 அக்டோபர், புதன் இரவு.

கல்வராயன் மலையிலிருந்து எங்கள் கல்லூரிக்குப் படிக்க வரும் பொன்னிக்கு வருகைப்பதிவு குறைந்துவிட்டது. போன மாதம் இடஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலில் சாலையெங்கும் மரம் வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லாமல் அவளால் வர முடியவில்லை. அவளைத் தேர்வெழுத விடும்படி, வகுப்பாசிரியன் என்ற முறையில் நேற்று முதல்வருக்குக் கடிதம் கொடுத்தேன். முனகிக்கொண்டேதான் அனுமதித்தார்.

இன்று மாலை மூங்கில்துறைப்பட்டு ஏழுமலை வந்து நின்றான். அதே வகுப்பு, அதே குறை.

"எனக்கும் எழுதிக் குடுங்க சார்."

"மரத்த வெட்டிப் போட்டு ஜெயிலுக்குப் போனவன் நீ. உங்களாலதானே அந்தப் பொண்ணு வரல?" என்று கத்திவிட்டேன்.

அவன் தலை குனிந்தான். "ஆமாங்க சார். ஆனா நானும் படிக்கணும்னுதானே ரோட்டுல நின்னுக்கினு இருந்தேன்? பரீட்சை போச்சுன்னா எங்கப்பா கரும்பு வெட்ட அனுப்பிடுவாரு."

அவனுக்கும் கடிதம் எழுதிவிட்டேன். காலையில் கொடுக்க வேண்டும். ஜெயிலுக்குப் போனவன் பெயரைப் பார்த்த கோபத்தில் பொன்னிக்குக் கொடுத்த அனுமதியையும் முதல்வர் ரத்து செய்துவிட்டால்? "கவலைப்படாம படிம்மா" என்று இன்று மதியம்தான் அவளிடம் சொன்னேன். இந்நேரம் படித்துக்கொண்டிருப்பாள்.