மாப்பிள்ளை சொன்ன நாலு கிலோ

ஜூன் 3
சிங்கப்பூரில் விடியற்காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. கூடம் முழுக்கக் கடல் முக்குளிப்புச் சாமான். பாலி விமானத்தில் இருபது கிலோதான். பையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினேன். இரண்டு கிலோ அதிகம். காலில் மாட்டும் நீளத் துடுப்பு வேண்டாம், குட்டை போதும். ஆளை அமிழ்த்தும் ஈயக்கட்டி அங்கே படகில் தருவார்கள்.

தினேஷ் வந்தார், தங்கை கவிதாவின் கணவர். அவரும் பாலி வருகிறாராம். போன மாதம்தான் முக்குளிக்கக் கற்றார். "இன்னும் இந்த த்ரீ ரூம் பிளாட்லதானா மச்சான்? தெம்பனிஸ்ல இதைவிட நல்ல புளோக் இல்லையா லா?" சொல்லிக்கொண்டே மூன்று தட்டு மீன் குழம்பு.

ஜூன் 5
தேக்கா சந்தையில் வெற்றிலை, மல்லிகை வாங்கினேன். அம்மா வீட்டில் சாப்பாடு. தினேஷ் ஆரம்பித்தார்: "எனக்கு நாலு கிலோ ஈயம் போதும். ஸ்விம்மிங் பூல்ல பெர்பெக்டா இறங்கினேன்."

குளம் நல்ல தண்ணீர். உடையும் மெல்லியது. கடலுப்பு ஆளைத் தூக்கும். பாலியில் குளிர் என்று தடித்த உடை வாங்கியிருக்கிறார், அதுவும் மிதக்கும். ஏழு கிலோவாவது வேண்டும். வாயைத் திறந்தேன்.

அம்மா முறைத்தாள். "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான்டா இருக்கும். எதுத்துப் பேசாத."

பத்து வருஷமாக இதே பாட்டு. அப்பா காரியத்தன்று எனக்கு வேலை போயிருந்தது. "மச்சானுக்கு லீவு கேக்குற தொல்லை இல்ல" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தவர் இவர். அன்றும் அம்மா இதையேதான் சொன்னாள்.

"நாலு சரிதான் மாப்பிள்ளை" என்றேன். அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கும்.

ஜூன் 9, பாலி
வெயில். நல்ல அலை. இறங்குமுன் எடை சரிபார்க்கலாமா என்று படகுக்காரர் கேட்டார். தினேஷ் கையை வீசினார். "நோ நீட். ஃபோர்."

தண்ணீருக்குள் நான்தான் அவருக்கு ஜோடி. குதித்தோம். தக்கை மாதிரி மிதந்தார். என் இடுப்புப் பையில் உபரியாக மூன்று கிலோ ஈயம். எப்போதும் வைத்திருப்பேன். எடுத்துக் கொடுக்க ஒரு நிமிடம் ஆகும்.

கொடுக்கவில்லை. கொஞ்சம் மிதக்கட்டும், படகில் இருப்பவர்கள் சிரிக்கட்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

மனுஷன் தலைகீழாகக் கவிழ்ந்து உதைத்தார். காதடைப்பு விட மூக்கைப் பிடித்து ஊதினார், ஊதிக்கொண்டே இருந்தார். முக்கி ஊதினால் உள்காது கிழியும்; நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டியிருக்கலாம். ஐந்து மீட்டரில் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டார். மேலே இழுத்து வந்தேன். படகில் வாந்தி. நிற்க முடியவில்லை.

ஜூன் 24
ஆஸ்பத்திரி. இடது காது இனி கேட்காது. டாக்டர் சொல்லிவிட்டார்.

கவிதா என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீ பக்கத்துலதானே இருந்த? நாலு பத்தாதுன்னு உனக்குத் தெரியாதா?"

அம்மா தரையைப் பார்த்தாள்.

தினேஷ்தான் தடுத்தார். "மச்சானை ஏன் திட்டுற? நாலுன்னு சொன்னது நான். இவர் இல்லன்னா நான் செத்திருப்பேன் லா."

எனக்காக அவர் பேசியது இதுதான் முதல் தடவை.

அம்மாவும் கவிதாவும் மருந்து வாங்கப் போனார்கள். தினேஷ் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய் அவருடைய இடது பக்கம் உட்கார்ந்தேன். மெதுவாக, "ஏழு, மாப்பிள்ளை" என்றேன்.

திரும்பவில்லை.

இன்னொரு தடவை சொன்னேன்.