ஒரே வயித்துப் பிள்ளைகள்

ஜூலை 8

வாலு, இன்றைக்கு வேலைக்குப் போனேன். நீ போன பிறகு முதல் தடவை. சலவைக்கூடத்தில் எல்லாம் அப்படியே இருக்கிறது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, விரிப்பு மூட்டையை என் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள். இஸ்திரிப்பெட்டி சூடேறுகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீ இருந்தால், "என்னம்மா, முறைச்சா சீக்கிரம் சுடுமா?" என்று கேட்டிருப்பாய்.

உன் அண்ணன் போன் பண்ணினான். எடுக்கவில்லை.

ஜூலை 9

மறுபடியும் பண்ணினான். அடிக்கட்டும்.

ஜூலை 14

"உன் பொண்ணுக்கு என்ன வியாதி"ன்னு யாராவது கேட்டால் ரத்தசோகை என்றுதான் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இன்றைக்குத் துணி மடிக்கிறவள் மூஞ்சியைச் சுருக்கினாள். "சோகைக்கா ஒருத்தி சாவா? பேரீச்சம்பழமும் கீரையும் குடுத்தாப் போதுமே!"

குடுக்கலையா நான்? கீரை, பேரீச்சை, ஈரல், எல்லாம் குடுத்தேன். டாக்டர் வேண்டாம்னு சொன்ன இரும்பு மாத்திரையைக்கூட வாங்கிக் குடுத்தேன். சோகைக்கு இரும்பு வேண்டாம்கிறாரே, இவரெல்லாம் ஒரு டாக்டரான்னு வாய்க்குள்ளேயே திட்டினேன். நீயும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு முழுங்கின.

அதனாலதான் உனக்கு — இல்லை. யாரையாவது கேட்க வேண்டும்.

ஜூலை 18

உன் வார்டில் இருந்த நர்ஸ் தன் கோட்டுகளை இங்கேதான் சலவைக்குப் போடுகிறாள். வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"நான் குடுத்த மாத்திரைதான் அவளைக் கொன்னுச்சா?"

பாவம், பயந்துவிட்டாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னாள். "இல்லக்கா. அது கொல்லல. ஆனா உதவவும் இல்ல. இரும்பு பத்தாம வர்ற சோகை வேற, இவளுக்கு வந்தது வேற. ரத்தம் ஊறுற இடமே வத்திப்போச்சு."

மஜ்ஜை மஜ்ஜை என்று டாக்டர் சொன்னாரே, அது எலும்புக்கு உள்ளே இருக்கிறதாம். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, மூன்றுக்கும் அதுதான் பிறந்த வீடு. சிவப்பு குறைந்தால் மூச்சு வாங்கும். வெள்ளை குறைந்தால் காய்ச்சல் விடாது. தட்டணு குறைந்தால் தொட்ட இடமெல்லாம் நீலம் கட்டும், பல் தேய்த்தால் ரத்தம் வரும். உனக்கு மூன்றுமே இருந்தது. ரத்தப் புற்றா என்று கேட்டேன். அது இல்லையாம். அதில் கெட்ட அணு பெருகும், இதில் எதுவுமே பிறக்காதாம். அப்ளாஸ்டிக் அனீமியா. டாக்டர் முதல்நாளே இந்தப் பேரைச் சொன்னார். நானும் பெரிய புரிந்தவள் மாதிரித் தலையாட்டினேன். வெளியே வந்து, "சோகைதானாம், பயப்படாதே"ன்னு உனக்குத் தைரியம் வேற சொன்னேன்!

பாய்லர் அணைந்துபோனால் எங்கள் பெட்டி ஒன்றிலும் ஆவி வராது. பெட்டியைத் தட்டிப் பார்த்து என்ன பிரயோஜனம்? நான் பெட்டியைத்தான் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 19

போனை ஏன் எடுக்கவில்லை என்று எழுதிவிடுகிறேன்.

உடன்பிறந்தவன் மஜ்ஜை பொருந்தினால் பிழைக்க வழியுண்டு என்றார் டாக்டர். என்னுடையது பாதிதான் பொருந்துமாம், அதை வைத்துச் செய்கிற வசதி அங்கே இல்லை. உனக்கும் அவனுக்கும் ஒரே ரத்தக் குரூப். ஒரே வயிறு. அப்புறம் என்ன சந்தேகம்? போய்ச் சொன்னேன். லாரிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்: "முதுகுல ஊசி குத்தினா வண்டி ஓட்ட முடியாதும்மா. என்னால ஆகாது."

உன்னைத் தூக்கும்போது முன்னால் வந்து நின்றான். "ஒரு சொட்டு குடுக்க மனசில்லாதவன் தோள் குடுக்க வந்துட்டானா?" என்று கேட்டேன். ஊரே கேட்க. தள்ளி நின்றுகொண்டான்.

ஜூலை 25

நர்ஸ் வந்தாள். மஜ்ஜை எடுப்பது முதுகுத்தண்டில் இல்லையாம். இடுப்பெலும்பில். எடுத்தது திரும்ப ஊறிவிடுமாம்.

"பாத்தியா? ஒண்ணுமில்லாததுக்குப் பயந்து தங்கச்சியை விட்டுட்டானே, ஒரே குரூப்பை வச்சுக்கிட்டு!"

"குரூப் வேறக்கா, மஜ்ஜை பொருந்துறது வேற. கூடப்பிறந்தவங்கன்னாலும் நாலுல ஒருத்தருக்குப் பொருந்தினாப் பெரிசு."

"பொருந்துதோ இல்லையோ, வந்து சோதிச்சுப் பாத்திருக்கலாம்ல?"

கோட்டு மடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அதை நான் சொல்லக் கூடாதுக்கா. அவரையே கேளுங்க."

ஜூலை 26

எதைச் சொல்லக் கூடாது?

ஆகஸ்ட் 2

போனேன். கதவைத் திறந்தது மருமகள். "வாங்க அத்தை" என்றவள் தண்ணீரைக் கொடுத்த கையோடு பிடித்துக்கொண்டாள். "திட்ட வந்திருந்தா முதல்ல இதைக் கேளுங்க. நீங்க வந்து கேட்ட மறுநாளே அவரு போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் குடுத்தாரு. பொருந்தல. இவ்வளவு நாளும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன், இனிமே முடியாது."

உள்ளேயிருந்து அவன், "நீ சும்மா இரு" என்றான்.

"ஏன்டா எங்கிட்ட மறைச்ச?"

உள்ளேயிருந்து வந்து என் எதிரில் உட்கார்ந்தான். பிறகு உன் குரலிலேயே சொன்னான். வாலு, அப்படியே உன் குரல். "'பொருந்தலன்னு தெரிஞ்சா அம்மா எனக்கு முன்னாடி போயிடும்ணா. நீ மாட்டேன்னு சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். உன்னைத் திட்டித் திட்டியே ஒருநாள் சம்மதிக்க வச்சிடலாம்னு நம்பிக்கிட்டு இருக்கும். நீ வாங்கிக்கோ, உனக்குத்தான் எருமைத் தோலாச்சே'ன்னு சொன்னாம்மா."

"அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாமேடா?"

"நீ எங்கம்மா போனை எடுத்த?"

ஆகஸ்ட் 3

தோள். அந்த ஒரு பேச்சை மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால்.

ஆகஸ்ட் 9

உன் அண்ணன் மத்தியானம் வந்தான். சாப்பிட்டான். தட்டை நானே எடுக்கப் போனேன், விடவில்லை. "நான் பேசினதுக்கெல்லாம் நீ என்னைத் திட்டுடா, மனசு ஆறும்" என்றேன். "போம்மா. நீ திட்டாம இருந்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு, வெறுந்தரையில் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிப்போனான். தூங்குகிறவன் தோளைத் தொட்டுப் பார்த்தேன். எருமைத் தோல் இல்லை.

அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இவனை மறைக்கச் சொல்லியிருக்கிறாய் என்றால், உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு தடவை ரத்தம் ஏற்றிக்கொண்டு வரும்போதும், "நல்லானதும் எனக்கு நீலத்துல ஒரு சட்டை" என்று கேட்டாயே. துணிகூட எடுத்து வந்து காட்டினேன். கையை இன்னும் கொஞ்சம் நீட்டித் தை என்றாய்.

வழி இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டேவாடி எனக்கு அளவு குடுத்துக்கிட்டு நின்ன?