தரிசு என்று எழுதிய தாள்

ஜூலை 14, திங்கள்

கச்சான் காற்று இன்னும் நிற்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு வரை மணல். குழாய் ஒழுகல், பிளம்பர் வரவில்லை. மூன்று வகுப்பு. துறைத் தலைவர் வ. எதிரே வந்து தலையாட்டினான். பார்க்காத மாதிரி போனேன். என்னோடு படித்தவன், என்னைவிடக் குறைந்த மார்க்.

ஆரோக்கியம் போன் செய்தார். ஏர்வாடி தாண்டி, கடல்தொழில். அவர் ஊருக்கும் கடலுக்கும் நடுவே புறம்போக்கில் குடைவேல முள்மரக் காடு. அது போனால் மணல் வீடுகளை மூடும். காட்டுச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து பதிவேட்டில் காடு என்று இருந்தால்தான் காடு. விட்டுப்போனவற்றுக்கு ஒரு பட்டியல் தயாராகிறது. வரைவில் இந்த இடம் இல்லை. ஆட்சேபம் தர வெள்ளி கடைசி.

காரணம், எங்கள் கல்லூரியின் பழைய கணக்கெடுப்புத் தாள். ‘தரிசு’ என்கிறதாம். எழுதியது வ.தான், படிக்கும்போது இந்தப் பக்கம் கணக்கெடுத்தவன் அவன். மூன்று மாதமாக ஊர்க்காரர்களிடம் சொல்லி வருகிறேன். தகவல் உரிமையில் நகல் கேட்டிருக்கிறேன். வரட்டும். அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஜூலை 16, புதன்

நகல் வந்தது. கையெழுத்து என்னுடையது.

‘மரம் குறிப்பிடும்படி இல்லை. தரிசு.’ பெயர் இல்லை, கல்லூரி முத்திரை மட்டும்.

எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம். காட்டு விளிம்பிலேயே செருப்பைத் துளைத்து முள். திரும்பிவந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினேன். வ. தன் பகுதியை முடித்துப் பொழுது சாயத்தான் வந்தான், கையெல்லாம் கீறல். சிரித்தேன் அவனைப் பார்த்து.

சர்க்கரை மாத்திரை போடவில்லை. இது யார் எழுத்து என்று சொல்லக்கூடியவன் வ. ஒருவன்தான்.

ஜூலை 17, வியாழன்

கல்லூரிக்கு லீவு. அந்த ஊருக்குப் போய் மரம் எண்ணினேன். இருநூறோடு விட்டேன், காடு பாதிகூட முடியவில்லை. ஆரோக்கியத்தின் மனைவி பிலோமினா டீ கொடுத்தார்.

“எழுதுன ஆளு இங்கன வந்தானா, இல்ல வீட்டுல கவுந்து படுத்துக்கிட்டே எழுதுனானா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மனுவில் வ. பெயரைப் போட்டுவிடலாம் என்றார் ஆரோக்கியம். “நீங்கதான சார் சொன்னீக.” காலையில் எழுதிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் முழுக்க இதே யோசனை. பெயரைப் போட்டால் வ. என் கையெழுத்தை அடையாளம் காட்டுவான், மனு செத்தது. போடாவிட்டால், தாள் பொய் என்பதற்கு என்ன சாட்சி என்பார்கள். எழுதியவன் சொன்னால்தான் உண்டு. ஓய்வுபெற நாலு வருஷம். வ. என்னைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பான், மெதுவாக, மரியாதையாக.

ஜூலை 18, வெள்ளி

கலெக்டர் அலுவலகம். நீண்ட வரிசை, ஃபேன் ஓடவில்லை. மனுவோடு தனித்தாள் ஒன்று: ‘அந்த இடத்துக்குள் போகாமலே தரிசு என்று எழுதியவன் நான்.’ பெயர், முகவரி, கையொப்பம். வ. பெயர் எங்கும் இல்லை.

ஆரோக்கியம் வரிசையில் நின்றபடியே படித்தார். இரண்டு தடவை. பிறகு கூட வந்திருந்த பிலோமினாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். பிலோமினா என் பக்கம் திரும்பவில்லை, இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

தனித்தாளுக்கு இன்னொரு நகல் வேண்டும் என்றார் குமாஸ்தா. ஜெராக்ஸ் எடுத்து வருகிறேன் என்று கை நீட்டினேன்.

“நீங்க இருங்க சார். நான் போயிட்டு வாரேன்.”

ஆரோக்கியம் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்து, பட்டனைப் போட்டுக்கொண்டு போனார்.