ஆவணி இரண்டு, தசமி

ஜூலை 3, 2025

எழுத்து வேலை விற்கும் இணையச் சந்தையில் பெயர் பதிந்து இன்றோடு இருபது நாள். முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவன், கமுந்திங்கில் ஏர்கோன் கழுவும் கடைக்கு ஆறு வரி எழுதினேன். மூன்று நட்சத்திரம். "தமிழ் கொஞ்சம் கஷ்டமா இருக்கு பாஸ்" என்று குறிப்பு வேறு.

ஜூலை 9

முதன்முறையாக உருப்படியான வேலை. கல்வெட்டு எழுத வேண்டுமாம். நம் யாழ்ப்பாணத்து ஆட்கள், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளில் அச்சிட்டுக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தை இணையத்தில் கேட்க ஆள் இருக்கிறது. கேட்டவரின் பெயர் இல்லை, வெறும் எண். அனுப்பிய விவரம்: பிறப்பு 1948, ஈப்போ பக்கம் ரப்பர் தோட்டப் பள்ளியில் தலைமையாசிரியர், ஆலைச் சங்கு ஊதும் முன்பே பள்ளி மணி அடிப்பவர்.

அருளம்பலம். வேறு யார்? 2004இல் எனக்கு வரவேண்டிய பதவியை ஓர் இரகசியக் குறிப்பால் தடுத்தவர். 'எழுத்து நன்று. மனிதரோடு ஒத்துப்போகார்.' செத்துவிட்டாரா? எனக்கு யாரும் சொல்லவில்லை. பரவாயில்லை, எழுதுவேன்.

ஜூலை 14

கல்வெட்டென்றால் இறந்த திதியைச் சொல்லும் வெண்பா வேண்டும். திதி கேட்டேன். ஒரு நிமிடத்தில் பதில்: "உங்களுக்கு எந்த நாள் சரியென்று படுகிறதோ, அது." மறுபடி கேட்டேன். அதே வரி.

இன்னும் வராத நாளைப் போட்டால் பதறித் திருத்துவார்கள் என்று பஞ்சாங்கத்தைத் திறந்தேன். ஆவணி இரண்டு, தேய்பிறைத் தசமி. மறுநாள் ஏகாதசி — அதில் போவது புண்ணியம் என்பார்கள். வெண்பாவில் ஏகாதசி அடங்காது என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். அடக்கலாம். கொடுக்க மனம் வரவில்லை.

ஜூலை 15

ஏற்றுக்கொண்டார்கள். ஐந்து நட்சத்திரம். திருத்தம் ஒன்றும் இல்லை.

ஜூலை 27

மனைவி சாந்தினி சிலிபின் மார்க்கெட்டிலிருந்து வந்து பையை இறக்கியபடி சொன்னாள்: "ஒங்க பழைய ஹெட்மாஸ்டரப் பார்த்தேன்லா. நல்லாத்தான் இருக்காரு, முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கிட்டு."

அவர்தானா என்று இரண்டு முறை கேட்டேன்.

"அவரேதான். ஆவணி ரெண்டு நீங்க வீட்டில இருப்பீங்களான்னு கேட்டாரு. என்ன விசேஷம்?"

ஜூலை 28

திதியை மாற்ற வேண்டும் என்று அந்த எண்ணுக்கு எழுதினேன். "வேண்டாம். அச்சாகிவிட்டது."

ஆகஸ்ட் 6

அவர் வீட்டுக்குப் போனேன். சுவரில் கடிகாரம் இருந்த இடத்தில் வெள்ளை வட்டம். புத்தகங்கள் கட்டுக் கட்டாக, ஒவ்வொன்றின்மேலும் யாருக்கு என்று பெயர்.

"வாரும். வருவீர் எண்டு தெரியும்."

"நீங்கதான் எழுதக் கேட்டீங்களா, சார்?"

"வேற ஆர்? பேத்தி மாதுமை டைப் அடிச்சவள். என்னைப் பிடிச்சவன் எழுதினா புளுகுவான். நீர் புளுகமாட்டீர்."

"அந்தத் திதி சும்மா போட்டது."

"சும்மாவோ? மூண்டு வருஷமா டாக்டர் 'எப்பவும் நடக்கலாம், எப்பவும் நடக்கலாம்' எண்டுறான். நீர்தான் ஒரு நாளைச் சொன்னீர். அதுக்குப் பிறகு நல்லா நித்திரை வருது."

மாதுமை வாசல்வரை வந்தாள். "அங்கிள், முப்பத்தோராம் நாளுக்கு மண்டபம் புக் பண்ணிட்டாரு. சமையல்காரர்கிட்ட மெனுவும் சொல்லியாச்சு. நீங்க சொன்னாத்தான் கேப்பாரு."

ஆகஸ்ட் 11

இருபத்தொரு வருடம் அந்த ஆள் தொலையட்டும் என்றிருந்தேன். இப்போது ஏன் சோறு இறங்கவில்லை?

ஆகஸ்ட் 18

ஆவணி இரண்டு. காலை ஏழுக்கே அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். வெள்ளை வேட்டி, திருநீறு, நாற்காலியில் கண் மூடியபடி அவர். பத்து மணிக்குக் கையைத் தொட்டேன் — குளிர்ந்திருந்தது. மதியம் குரல் தேய்ந்தது. டாக்டரைக் கூப்பிட வேண்டாம் என்று தலையாட்டினார். நான் போட்ட நாள் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருந்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன செய்வது? வாயில் வந்தது அதுதான்.

"ஏன் சார் எனக்கு அப்படி எழுதினீங்க?"

கண் திறந்தது. "உண்மையத்தானே எழுதினன்."

"உண்மையா? யாரோட ஒத்துப்போகல நான்?"

"மூண்டாம் வகுப்புப் பிள்ளை ஒண்டு நீர் கத்தின கத்தில பள்ளிக்கே வராம நிண்டுது. நான் தோட்டத்து லயத்துக்குப் போய்க் கூட்டிவந்தனான். ஒரு கிழமை, ஏழு நாளும்."

எனக்குத் தெரியாது. பொய் என்றேன். பெயர் சொன்னார், பெற்றோர் பெயர், லயத்து வரிசையில் எத்தனையாவது வீடு என்றுகூட. நான் விடவில்லை, அவரும் விடவில்லை. குரல் ஏறியது, முகத்தில் இரத்தம் ஏறியது. மாதுமை விளக்கேற்ற வந்தபோதும் சண்டை. கடைசியில் நான்தான் பஞ்சாங்கத்தையும் போனில் மணியையும் பார்த்தேன். எட்டாகப் போகிறது.

"சார், தசமி போயிட்டுது."

வெறும் சுவரைப் பார்த்தார். "சண்டைக்கு இழுத்து ஏமாத்திப்போட்டீர்." பிறகு, "மாதுமை, தோசை இருக்கோ?"

ஆகஸ்ட் 19

காலை ஆறரைக்கு மாதுமையின் போன். தூக்கத்திலேயே போய்விட்டார். ஏகாதசி.

செப்டம்பர் 17

நாளை முப்பத்தோராம் நாள். முந்நூறு பிரதியிலும் தசமி வெண்பாவின்மேல் புதுத் தாளை ஒட்டுகிறோம், நானும் சாந்தினியும். ஏகாதசி அடங்கிவிட்டது. தாள் மெல்லியது, வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் தசமி தெரிகிறது.

சந்தையில் மூன்று புது வேலைகள். மூன்றிலும் திதி இடம் காலி. "நீங்களே சொல்லுங்கள்" என்று ஒருவர். மூன்றையும் மறுத்துவிட்டேன்.

புதுத் தாளில் வெண்பாவுக்குக் கீழே நான்கு வரி கூட்டியிருக்கிறேன். லயத்துக்கு ஒரு கிழமை நடந்து ஒரு பிள்ளையைத் திரும்பக் கூட்டிவந்தார் என்று. அந்தப் பிள்ளையை விரட்டியது யார் என்று, என் பெயர் போட்டு. சாந்தினி முதல் பிரதியில் அதைப் படித்தாள். அடுத்த புத்தகக் கட்டை என் பக்கம் நகர்த்தினாள்.