சோற்றுப் பையும் பிள்ளைப் பையும்

ஐப்பசி 9, திங்கள்

மழை. விறகெல்லாம் ஈரம். அடுப்பு ஊதி ஊதி மூஞ்சி முழுக்கக் கரி. மகள் செல்வி (இனிமேல் செ.) வளைகாப்பு முடிந்து இங்கே வந்து ஐந்து வாரம். தலைப்பிரசவம். வேளைக்கு ஒரு கரண்டி சோறு, ரசம். மீன் கிடையாது. இவளைப் பெற நான் இரண்டு நாள் கத்தியது மாமல்லபுரத்துக்கே தெரியும். இவளுக்காவது பிள்ளை சின்னதாக, சுலபமாக வரட்டும். பக்கத்து வீட்டு மீன்கார முனியம்மாவும் என் கட்சி: "வயித்துல எடம் வுடணும் டீச்சர். சோறு ரொம்பிகினா கொழந்த எங்க பொரளும்?"

நியாயம்தானே.

ஐப்பசி 11, புதன்

சுகாதார நிலையம். சுவரில் சிவப்பு முக்கோணம், 'இரண்டு போதும்'. அதன் கீழே நான், ஐந்து பெற்றவள். நர்ஸம்மா செ. வயிற்றை விரலால் அளந்தாள். மறுபடி அளந்தாள்.

"எட்டு மாசம்ன்றீங்க. ஆறரைதான் கீது. பொண்ணு இன்னா சாப்புடுது?"

"வயிறார," என்றேன்.

"ஒரு கரண்டி," என்றாள் செ.

"டீச்சர், கொழந்த சோத்துப் பையில இல்ல. அதுக்குத் தனிப் பை. நஞ்சுக்கொடின்னு ஒண்ணு கீது, அதுல ஒரு பக்கம் தாய் ரத்தம், மறுபக்கம் புள்ள ரத்தம். ரெண்டும் கலக்காது. நடுவுல மெல்லிசாத் தோலு, அது வழியாத்தான் சத்து போவுது. இவ ரத்தத்துலயே இல்லன்னா அது எத்தக் குடுக்கும்?"

ஐந்தாம் வகுப்புக்கு இரைப்பைப் படம் வரைகிறவள் நான். நன்றாகவே வரைவேன்.

பிள்ளையின் துடிப்பு லேசாகத்தான் கேட்கிறதாம். செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னாள்.

ஐப்பசி 12, வியாழன்

பஸ்ஸில் நான் கூப்பிடாத சாமி இல்லை. டாக்டரம்மா மரக்குழலை வயிற்றில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். "நல்லா அடிக்குது. இளைச்சிருக்கு, அவ்வளவுதான். சோறு போடுங்க, இன்னும் நாள் இருக்கு."

வெளியே வந்து, பெஞ்சு என்று நினைத்து யாரோ ஒருத்தியின் சாப்பாட்டுக் கூடைமேல் உட்கார்ந்துவிட்டேன். திட்டினாள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

வாங்கியது: முட்டை ஆறு, முருங்கைக்கீரை, வேர்க்கடலை, இரும்பு மாத்திரை.

ஐப்பசி 13, வெள்ளி

செ. மூன்று தடவை சோறு போட்டுக்கொண்டாள். முனியம்மா எட்டிப் பார்த்து, "இன்னா டீச்சர், கட்சி மாறிட்டியா?"

மாறிட்டேன்.

கார்த்திகை 15, செவ்வாய்

விடிந்ததும் வீட்டிலேயே, நர்ஸம்மா கையில், பெண் குழந்தை. ஐந்தரை பவுண்டு. நல்ல தொண்டை. செ. சுகம்.

நஞ்சுக்கொடியைக் காட்டச் சொன்னேன். தட்டில் ஆட்டு ஈரல் மாதிரி, ஒரு சாண் அகலம். நான் அளந்து போட்ட ஒரு கரண்டியிலும் பிள்ளைக்குப் பங்கு எடுத்து வைத்தது இதுதான். கும்பிடத் தோன்றியது. நர்ஸம்மா சிரிப்பாளே என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் முனியம்மா கூடையோடு வந்தாள். "பத்து நாளைக்கு வெறும் ரசஞ்சோறுதான் டீச்சர், பெத்த வயிறு."

அவள் பேசி முடிப்பதற்குள் கூடையிலிருந்த பெரிய சுறாவை எடுத்துச் சட்டியில் போட்டேன்.